படையை அனுப்பும்போதே பதில் சொல்லுங்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் இந்த மூன்று மாவட்டங்களின் அனைத்துக் கட்சிப் பொறுப்பாளர்களுக்கும்

மதிப்பிற்குரியவர்களே,

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்தரங்கில் உங்கள் கட்சிப் பேச்சாளர்கள், 1987-இல் இலங்கைக்கு இந்திய அமைதிப்படை போனதைப் பற்றி நெடுநேரம் மோதிக்கொண்டார்கள். படையை அனுப்பியது சரி, திரும்ப அழைத்ததுதான் துரோகம் என்றார் ஒருவர். அனுப்பியதே துரோகம், திரும்ப அழைத்தது எங்கள் தலைவர்களின் சாதனை என்றார் மற்றவர். முன்வரிசையில் செயற்கைக் காலோடு என் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மேடையிலிருந்த யாரும் அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் இருவரும் தனித்தனியாக அவரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் ஒரு கட்சியின் வாட்ஸ்அப் குழுவில் அவர் தேசத்தின் பெருமை. இன்னொரு கட்சியின் குழுவில் தவறான முடிவுக்குப் பலியானவர். இரண்டுக்கும் அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் முக்கூடல் பக்கத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். எங்கள் வீட்டில் அம்மையும் மைனியும் பீடி சுற்றினார்கள், அப்பா அடுத்தவர் வயலில் வேலை பார்த்தார். அண்ணன் பத்தாம் வகுப்பு முடித்ததும் ஆளெடுப்பில் ஓடி, வெலிங்டனில் பயிற்சி முடித்து மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தார். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது பெரும்பாலும் வீட்டுக் கடனை அடைக்கத்தான். அதில் நாட்டுப்பற்று இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்த நாட்டில் எந்தச் சண்டைக்கு நம்மை அனுப்புவார்கள் என்று கேட்டுவிட்டு யாரும் சேருவதில்லை. அந்தக் கேள்வியை எங்களுக்காகக் கேட்கத்தான் உங்களை ஓட்டுப் போட்டு டெல்லிக்கு அனுப்புகிறோம்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் அங்கே நடந்த இனச் சண்டையை நிறுத்துவதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே நம் படை யாழ்ப்பாணத்தின் பலாலி விமானத்தளத்தில் இறங்கிவிட்டது. இடையில் நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பு நடக்கவில்லை. என்ன வேலைக்குப் போகிறார்கள், எத்தனை நாளைக்கு, அந்த வேலை முடியாவிட்டால் என்ன செய்வது, விடுதலைப் புலிகள் ஆயுதத்தைக் கொடுக்க மறுத்தால் யார் யாரைச் சுடுவது என்று ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டு, அரசு பதில் சொல்லி, கை தூக்கி முடிவெடுத்து அவர்கள் கப்பலேறவில்லை. ஆகஸ்ட் மாதம் அண்ணன் எழுதிய இன்லண்ட் கடிதத்தில் யாழ்ப்பாணத்துச் சனங்கள் மாலை போட்டார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள் என்று இருந்தது. அந்தக் கடிதத்தைத் தெருவே படித்தது.

அக்டோபரில் எல்லாம் மாறிப்போனது. புலிகளின் தளபதிகளான புலேந்திரனும் குமரப்பாவும் பலாலியில் காவலில் இருக்கும்போது சயனைட் கடித்து இறந்தார்கள். அதற்கு அடுத்த வாரமே யாழ்ப்பாணத்தைப் புலிகளிடமிருந்து பிடிக்க ஆபரேஷன் பவன் என்ற தாக்குதல். சமாதானத்துக்குப் போன படை சண்டைப் படையாகிவிட்டது. அந்த மாற்றத்துக்கும் நாடாளுமன்றத்தின் வாக்கு கேட்கப்படவில்லை.

அந்த ராத்திரிகளில் எங்கள் வீட்டில் பிபிசி தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் ஓடிக்கொண்டே இருக்கும். திருநெல்வேலியில் கடும் சண்டை என்று ஒருநாள் வானொலியில் வந்தது. பீடித்தட்டை அப்படியே போட்டுவிட்டு அம்மை வாசலுக்கு ஓடினாள். "நம்மூர்லயா? சங்ஷன்லயா?" என்று கேட்டவளுக்கு, யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது, அங்கேதான் அவர்களுடைய பல்கலைக்கழகம் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். அந்தப் பல்கலைக்கழக மைதானத்தில் அக்டோபர் 11 இரவு ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கியக் காலாட்படைப் பிரிவின் முப்பது பேரில் ஒருவர்தான் உயிரோடு சிறைபிடிக்கப்பட்டார். மீதி 29 பேரும் அங்கேயே முடிந்துபோனார்கள். விவரம் தெரிந்த பிறகு அம்மை பஞ்சாபில் இருக்கும் அந்தத் தாய்மார்களுக்காகவும் அழுதாள். எங்கள் அண்ணன் அங்கே இல்லை, வவுனியா பக்கம் இருந்தார் என்று தெரிய இன்னும் பல நாள் ஆனது.

அண்ணன் பேசுவது குறைவு. ஆனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். தேடுதலுக்கு ஒரு ஊருக்குள் போகும்போது மற்ற ரெஜிமென்ட் ஆட்களுக்குப் பெண்களின் அழுகை மட்டும் கேட்கும். தமிழ்ச் சிப்பாய்களுக்கு அவர்கள் என்ன சொல்லி அழுகிறார்கள் என்பதும் புரியும். "எங்கட பிள்ளையை விட்டிடுங்கோ தம்பி" என்று காலைப் பிடித்தவர்களிடம் தமிழிலேயே விலகு என்று சொல்ல வேண்டியிருந்தது. அதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் அண்ணன்தான். இந்தப் பாரத்தை எந்தப் படைத்தளபதியும் அவர் மேல் ஏற்றவில்லை, டெல்லியில் எடுத்த ஒரு முடிவு ஏற்றியது. 1988-இல் நெடுங்கேணிப் பக்கம் கண்ணிவெடியில் இடது கால் போனது. புனே செயற்கை உறுப்பு மையத்தில் கால் பொருத்திக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். சிப்பாயின் தங்கை என்பதற்காக அதை மறைக்க எனக்கு மனமில்லை. 1987 தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நம் படை நுழைந்தது. மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என்று 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள் என்றது படைத்தரப்பு. உயிர் தப்பிய ஊழியர்கள் அதை மறுத்தார்கள். 1989 ஆகஸ்ட் தொடக்கத்தில் வல்வெட்டித்துறையில் சிப்பாய்கள் மேல் நடந்த தாக்குதலுக்குப் பிறகு 50-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். இந்த இரண்டுக்கும் நம் நாடாளுமன்றத்தில் ஒரு வருத்தமாவது முறையாகப் பதிவாக வேண்டும்.

கோபாலசமுத்திரம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்த ஒரு பிள்ளை என்னிடம் படித்தாள். நல்ல பிள்ளை, கட்டுரை எழுதினால் வகுப்பே கேட்கும். ஒருநாள் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட அவள் அம்மா வந்திருந்தார். பேச்சுவாக்கில் என் அண்ணன் அமைதிப்படையில் இருந்தவர் என்று தெரியவந்ததும் அவர் முகம் சுருங்கியது. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பள்ளிப் பக்கமே வரவில்லை. பின்பு அவராகவே வந்து எல்லாவற்றையும் சொன்னார். பெரியாஸ்பத்திரியில் சிற்றூழியராக இருந்த அவருடைய பெரியம்மா மகன் அந்தத் தீபாவளி அன்று இறந்தார். அவருடைய சொந்தத் தம்பி பதினாறு வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் பிடிக்கப்பட்டு, தமிழ்த் தேசிய ராணுவம் என்று நம் ஆதரவோடு அவசரமாகக் கட்டிய படையில் சேர்க்கப்பட்டான். நம் படை கப்பலேறிய பிறகு அந்தப் பிள்ளைகளைக் காக்க யாரும் இல்லை. தம்பி திரும்பி வரவேயில்லை. அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "உங்கட ஆமி ஏன் டீச்சர் வந்தது? வந்தது ஏன் எங்களைப் பாதியில விட்டிட்டுப் போனது?"

வந்ததில் ஒருவரையும் போனதில் ஒருவரையும் பறிகொடுத்தவர் அவர். உங்கள் பேச்சாளர்கள் ஒவ்வொருவரும் இந்த இரண்டு கேள்விகளில் தமக்குச் சாதகமான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அனுப்பியதை ஆதரிப்பவர் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுவதில்லை. திரும்ப அழைத்ததைக் கொண்டாடுபவர் அந்தப் பதினாறு வயதுப் பையனைப் பற்றிப் பேசுவதில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக இப்படித்தான் நடக்கிறது.

1989-ஐ நினைத்துப் பாருங்கள். உங்களில் சிலர் அப்போது கட்சிக்கொடி பிடித்த இளைஞர்களாக இருந்திருப்பீர்கள். ஜூன் மாதம் இலங்கையின் புது அதிபர் பிரேமதாசா, ஜூலை 29-க்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று கெடு வைத்தார். கெடுவுக்குப் பணிந்து வந்தால் நாட்டுக்குக் கௌரவக் குறைவு என்றது ராஜீவ் அரசு. நம் சீமையின் கலிங்கப்பட்டியிலிருந்து போன வை. கோபால்சாமி (இன்றைய வைகோ) மாநிலங்களவையில் அமைதிப்படையை எதிர்த்து முழங்கினார். தி.மு.க. உடனே திரும்ப அழைக்கச் சொன்னது. காங்கிரஸ் இது நாட்டின் ஒற்றுமைக்கு எதிரான பேச்சு என்றது. நவம்பரில் மக்களவைத் தேர்தல். தமிழ்நாட்டில் 39 இடங்களில் 38 இடங்களைக் காங்கிரஸ் - அ.தி.மு.க. கூட்டணி வென்றது, தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் டெல்லியில் வி.பி. சிங் பிரதமரானார், படை திரும்புவது உறுதியானது. தமிழ்நாட்டு ஓட்டு ஒரு பக்கம் விழுந்தது, முடிவு வேறு பக்கத்திலிருந்து வந்தது. யாருடைய ஓட்டும் இந்தப் போரைப் பற்றிய ஓட்டாக இருக்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள் என்று நான் நினைக்கிறேன். போரைப் பற்றி ஓட்டெடுக்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். அங்கே அது எடுக்கப்படவில்லை.

அந்த மாதங்களில் எங்கள் தெருவில் என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள். ஒரு கட்சிக்காரர்கள் அண்ணனைத் தோளில் கைபோட்டுப் பிரச்சார மேடைக்குக் கூட்டிப்போய் மாலை போட்டார்கள். இன்னொரு கட்சிக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சுவரில், தமிழனைக் கொன்ற கை என்று கரியால் எழுதினார்கள். அம்மை விடியுமுன் எழுந்து வாளித் தண்ணீர் ஊற்றி அதை அழித்தாள். ரெண்டு நாளில் திரும்ப எழுதினார்கள். இரண்டு தரப்பும் அவர் காலைப் பற்றித்தான் பேசின. ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு மனு எழுத மட்டும் நான் ஒருத்திதான் உட்கார்ந்தேன்.

கெடு, கௌரவம், தேர்தல் என்று இங்கே வாதம் நடந்துகொண்டிருந்த அத்தனை மாதமும் அங்கே சிப்பாய்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். வல்வெட்டித்துறை நடந்ததே பிரேமதாசாவின் கெடு முடிந்த சில நாட்களில்தான். நம் படையை வெளியே தள்ளுவதற்காகப் பிரேமதாசா அரசே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது பின்னால் வெளிவந்தது. கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கிளம்பியது. சென்னையில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. அதற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்தது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர்ந்தது கப்பலிலிருந்து இறங்கிய பையன்களிடம்தான். முடிவெடுத்தவர்கள் யாரும் அந்தக் கப்பலில் வரவில்லை. ஜூன் மாதமே அங்கே மீண்டும் போர் மூண்டது, அகதிகள் ராமேசுவரம் கரைக்கு வந்து குவிந்தார்கள்.

1,100-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் அந்தத் தீவில் உயிர்விட்டார்கள். பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் பரமேசுவரன் போன்ற சிலரின் பெயர் வெளியே தெரியும். கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் இலங்கை அரசே ஒரு நினைவுச்சின்னம் கட்டியிருக்கிறது. டெல்லியின் தேசியப் போர் நினைவிடம் 2019-இல்தான் திறக்கப்பட்டது. அதன் சுவரில் இவர்கள் பெயரும் உண்டு. முக்கூடலிலிருந்தோ கடையத்திலிருந்தோ ஒரு விதவை டெல்லிக்குப் போய்ப் பெயரைத் தொட்டுப் பார்ப்பது எத்தனை பேருக்கு நடக்கும்?

பழைய கதையை ஏன் கிளறுகிறாய் என்று கேட்பீர்கள். இன்றைக்கும் லெபனானில், தெற்கு சூடானில், காங்கோவில் நம் பிள்ளைகள் ஐ.நா. நீலத்தொப்பியோடு நிற்கிறார்கள். லெபனானில் அவர்களைச் சுற்றிக் குண்டு விழுந்ததைச் செய்தியில் பார்த்தோம். நாளைக்கு இன்னொரு நாட்டுக்குப் படை கேட்டு அழைப்பு வந்தால் 1987-இல் நடந்த மாதிரியே இப்போதும் நடக்கலாம். அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. இதைத்தான் உங்கள் பேச்சாளர்கள் அந்த மண்டபத்தில் பேசியிருக்க வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கும், அந்த அதிகாரம் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் என்கிறது. நாடாளுமன்றம் மட்டுமே சட்டம் இயற்றக்கூடிய ஒன்றியப் பட்டியலில் 15-ஆவது இனம் போரும் சமாதானமும். அதாவது இதற்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் உங்கள் அவையிடம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைத்தான் யாரும் கொண்டுவரவில்லை. நெருக்கடி நிலையை அறிவித்தால் ஒரு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதல் வேண்டும் என்று 44-ஆவது திருத்தம் செய்திருக்கிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வேறொரு நாட்டுச் சண்டைக்கு அனுப்ப மட்டும் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. ஜெர்மனியில் வெளிநாட்டுக்குப் படை அனுப்ப நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் வியட்நாம் அனுபவத்துக்குப் பிறகு 1973-இல் 60 நாள் வரம்பு வைத்துச் சட்டம் போட்டார்கள். அதை அவர்களுடைய அதிபர்கள் பலமுறை சுற்றிக் கடந்திருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் கேட்பதற்கு ஒரு பிடி அங்கே இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை.

அவசரம் என்றால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. 1988 நவம்பரில் மாலத்தீவில் ஆட்சியைக் கவிழ்க்கக் கூலிப்படை இறங்கியபோது சில மணி நேரத்தில் நம் பாராசூட் வீரர்கள் போய் இறங்கினார்கள். அதற்கு வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்திருக்க முடியாது. அப்படிப்பட்ட வேளையில் அரசு முதலில் அனுப்பட்டும். 30 நாளுக்குள் அவையின் முன் வந்து காரணம் சொல்லி ஒப்புதல் வாங்கட்டும். ரகசியம் என்ற வாதத்தையும் நான் ஏற்கமாட்டேன். எந்தப் பாலத்தில் எந்தப் படைப்பிரிவு நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எதற்காகப் போகிறார்கள், எப்போது திரும்புவார்கள், திரும்பும்போது அங்கே நம்மை நம்பி நின்றவர்களுக்கு என்ன வழி என்ற மூன்றையும் சொன்னால் எதிரிக்கு ஒன்றும் லாபமில்லை.

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

மூன்று உறுப்பினர்களும் சேர்ந்து, வருகிற கூட்டத்தொடரிலேயே மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா, கொண்டுவர வேண்டும். வெளிநாட்டுச் சண்டைக்குப் படை அனுப்பும் முன் நாடாளுமன்ற ஒப்புதல், அவசர வேளையில் 30 நாளுக்குள் ஒப்புதல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவையில் அறிக்கை, அமைதிப்பணி சண்டையாக மாறினால் புது வாக்கெடுப்பு, வெளியேறும் திட்டத்தில் உள்ளூர் மக்களின் பாதுகாப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். தனிநபர் மசோதாக்கள் பெரும்பாலும் நிறைவேறுவதில்லை என்பது எனக்குத் தெரியும். நிறைவேறாவிட்டாலும் இப்படிப்பட்ட மசோதாக்களுக்கு ஒதுக்கும் ஒரு வெள்ளிக்கிழமையாவது அந்த அவை இதைப் பேசட்டும், யார் எந்தப் பக்கம் என்று அவைக்குறிப்பில் பதியட்டும்.

1987 முதல் 1990 வரை அமைதிப்படை பற்றி எடுத்த முடிவுகளின் கோப்புகளைத் தேசிய ஆவணக்காப்பகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கும்படி அரசைக் கேளுங்கள். 25 வருடம் கடந்த ஆவணங்களை அங்கே ஒப்படைக்க என்று விதி இருக்கிறது. அந்த எல்லை எப்போதோ தாண்டிவிட்டது. அதோடு பெரியாஸ்பத்திரியிலும் வல்வெட்டித்துறையிலும் இறந்தவர்களுக்காக அவையில் வருத்தம் தெரிவிக்கும் தீர்மானத்தை முன்மொழியுங்கள். என் அண்ணன் இதை எதிர்க்கமாட்டார். முதலில் சொன்னதே அவர்தான்.

மாநில அரசிடம் பேசி, இந்த மூன்று மாவட்டங்களிலிருந்து இலங்கைக்குப் போய் இறந்தவர்கள், உறுப்பை இழந்தவர்கள் பட்டியலை ஊர்வாரியாகத் தயாரித்து வெளியிடச் செய்யுங்கள். இறந்தவர் பெயரை அந்தந்த ஊர்ப் பள்ளியில் கல்லில் வெட்டுங்கள். அதில் எந்தக் கட்சித் தலைவர் பெயரும் திறந்துவைத்தவர் பெயரும் வேண்டாம்.

கட்சிப் பொறுப்பாளர்களே, எந்த முன்னாள் படைவீரரின் படத்தையும் அவர் எழுத்தில் சம்மதம் தராமல் உங்கள் பதாகையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். என் அண்ணன் படத்தை இரண்டு கட்சிகளும் இந்த வாரமே நீக்க வேண்டும்.

மடலின் நகலை மூன்று தொகுதி அலுவலகங்களுக்கும் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மசோதாவைக் கொண்டுவருவீர்களா, மாட்டீர்களா என்பதைக் கூட்டத்தொடர் தொடங்குமுன் கையெழுத்திட்டு எழுத்தில் தெரிவியுங்கள். மாட்டேன் என்றால் காரணத்தையும் எழுதுங்கள். வரும் பதில்களை ஒரு வரிகூட மாற்றாமல் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
முக்கூடல் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்